ஈரலும் வாய்ப்பாடும்

ஈரலுக்கும் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "இதென்ன பைத்தியக்காரத்தனமான கேள்வி!" என்று சிரிப்பீர்கள். ஈரல் வலது பக்கம் விலா எலும்புக்குள்ளே இருக்கிறது. வாய்ப்பாடு மண்டைக்குள்ளே இருக்கிறது. நடுவில் ஒரு முழம் தூரம். ஆனால் அந்த ஒரு முழத்தையும் தாண்டிப் போய்க் கலகம் செய்யக் கூடிய ஆசாமி ஒருவன் இருக்கிறான். ஹெபடைடிஸ் ஸி வைரஸ் என்பது அவன் பெயர். என் உடம்பில் அவன் 32 வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தான்.

அவன் குடி வந்த கதையை முதலில் சொல்லி விடுகிறேன். 1984-ஆம் ஆண்டில் என் மூத்த பெண் பிறந்தாள். பிரசவம் ஆனதும் எனக்கு உதிரம் நிற்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவசர அவசரமாக இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தோடு அவனும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது பின்னால் டாக்டர் சொன்ன அபிப்பிராயம். இதற்காக நான் யாரையும் நோகவில்லை. அந்த இரண்டு பாட்டில் இல்லாவிட்டால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். மேலும் அப்போது அந்த வைரஸைக் கண்டுபிடிக்க உலகத்தில் எந்த ஊரிலும் பரிசோதனை கிடையாது. பரிசோதனை என்ன, பெயரே கிடையாது! மஞ்சள் காமாலை வைரஸ்களில் ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று தெரிந்திருந்தது. இரண்டிலும் சேராமல், ரத்தம் ஏற்றிக் கொண்டவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வியாதி வருவதை ஹார்வி ஆல்ட்டர் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய சகாக்களும் 1970-களில் கண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத காமாலை'! பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் கூட இப்படி வைக்க மாட்டார்கள். 1989-ல் மைக்கேல் ஹௌட்டனும் அவருடன் உழைத்தவர்களும் வைரஸையே பிடித்த பிறகுதான் அதற்கு 'ஸி' என்ற எழுத்துக் கிடைத்தது. ஆல்ட்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் என்ற மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த ஆசாமியின் தனிக் குணம், சத்தம் போடாமல் இருப்பது. நூறு பேருக்குள் புகுந்தால் சுமார் 15 முதல் 45 பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே அவனை விரட்டி விடுகிறார்கள். மற்றவர்களிடம் தங்கி விடுகிறான். பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதில்லை, வலியில்லை, ஜுரமில்லை. இருபது, முப்பது வருஷம் கழித்து ஈரல் சுருங்கிப் போன பிறகு ஒரு நாள் வயிறு வீங்கும், அப்போதுதான் தெரியும்.

நான் ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. மனக்கணக்கு எனக்குப் பிறவிச் சொத்து. கடைக்காரர் காகிதத்தைத் தேடுவதற்குள், கிலோ 24 ரூபாய் விலையில் முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கு 18 ரூபாயை எண்ணி வைத்து விடுவேன். கல்யாண வீடுகளில் சமையல்காரரிடம் கணக்குப் பார்க்க என்னைத்தான் அழைப்பார்கள். நான் பெருமை அடித்துக் கொள்வதாக நினைக்காதீர்கள். போன சொத்தின் மதிப்பைச் சொன்னால்தானே திருட்டின் அளவு உங்களுக்குத் தெரியும்?

அது ஒரே நாளில் போகவில்லை. நாற்பது வயதுக்கு மேல், மத்தியானம் மூன்று மணி ஆனால் போதும், தலைக்குள் பஞ்சை அடைத்தாற்போல் ஆகிவிடும். தூக்கம் அல்ல, தூங்கி எழுந்தாலும் அது போகாது. ஒருவர் பேசிக் கொண்டிருக்கும்போது வாக்கியத்தின் முதல் பாதி மனத்தில் நிற்கும், பின்பாதி வருவதற்குள் முதல் பாதி நழுவி விடும். தெரிந்த விஷயம் எதுவும் அழிந்து போகவில்லை. புத்தக சாலையில் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. எடுத்து வந்து கொடுக்கும் ஆள்தான் ஆடி அசைந்து வந்தான். சில நாள் வரவே மாட்டான்.

வீட்டில் ஆளுக்கு ஒரு வியாக்கியானம் சொன்னார்கள். "வயசானால் அப்படித்தான்" என்றார் மாமியார். அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. பால் கணக்கில் காலணா தவற விட மாட்டார்! "ரத்த சோகையாக இருக்கும், முருங்கைக் கீரை சாப்பிடு" என்றாள் என் தங்கை. "அண்ணிக்கு மனசில் ஏதோ கவலை" என்றாள் நாத்தனார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. மளிகைச் சீட்டை மட்டும் அவரே எழுத ஆரம்பித்தார்.

2009-ல் ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் பன்னிரண்டை ஏழால் பெருக்கச் சொல்லி எழுதினேன். எழுதி விட்டுச் சாக்கட்டியும் கையுமாக நின்றேன். விடை வரவில்லை. முதல் பெஞ்சில் இருந்த சிறுவன் ரகசியம் சொல்கிறவன் போல, "டீச்சர், எண்பத்து நாலு" என்றான். பாவம், அவன் சிரிக்கக் கூட இல்லை. அந்த வருஷக் கடைசியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்து விட்டேன். இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது.

ஏழு வருஷம் கழித்துக் கண்புரை ஆபரேஷனுக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனையில் ஆசாமி அகப்பட்டான். முதல் பரிசோதனை, எப்போதாவது அவன் வந்து போன சுவடு இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, அவன் இப்போதும் உள்ளே இருக்கிறானா என்று பார்ப்பது. இரண்டும் 'ஆம்' என்றன. ஈரலில் கொஞ்சம் தழும்பு இருந்தது. சுருங்கும் அளவுக்குப் போகவில்லை. கணவரும் பிள்ளைகளும் பரிசோதித்துக் கொண்டார்கள். ஒருவருக்கும் இல்லை. நாத்தனார் மட்டும் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியே எடுத்து வைத்தாள். இந்த வைரஸ் ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் தொற்றும். கொதிக்க வைக்காத ஊசி, ஒருவர் உபயோகித்த சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி இவைதான் அதன் வாகனங்கள். டம்ளரில் ஏறி அது சவாரி செய்வதில்லை. இதை டாக்டரே அவளிடம் சொன்ன பிறகு டம்ளர் பழைய இடத்துக்குப் போயிற்று.

"என் மறதிக்கும் இதுதான் காரணமா?" என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம் அம்மா. வயசும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல முடியாது" என்றார். இப்படிப் பதில் சொல்லும் டாக்டர்களை எனக்குப் பிடிக்கும்.

ஈரல் அடியோடு கெட்டால் ரத்தத்தில் அம்மோனியா போன்ற நஞ்சுகள் தேங்கி மூளையைக் குழப்பும் என்பது வெகு காலமாகத் தெரிந்த சங்கதி. ஆனால் என்னைப் போல் ஈரல் அவ்வளவு கெடாதவர்களும் 'தலைக்குள் மூட்டம்' என்று முறையிட்டு வந்தார்கள். வியாதி இருப்பது தெரிந்த கவலையால் வந்த பிரமை என்று சில வைத்தியர்கள் ஒதுக்கினார்கள். எனக்கு மூட்டம் வந்தபோது வியாதி இருப்பதே தெரியாது. என் சொந்த விஷயத்தில் அந்த வாதம் செல்லாது. போகட்டும். 2001-ல் லண்டன் டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஈரல் அதிகம் கெடாத 'ஸி' நோயாளிகள், 'பி' நோயாளிகள், ஆரோக்கியமானவர்கள் ஆகியோரின் மூளையில் உள்ள ரசாயனங்களைக் காந்தக் கருவியால் அளந்து பார்த்தார்கள். 'ஸி' உள்ளவர்களின் மூளையில் கோலின் என்ற பொருளின் அளவு மட்டும் மற்ற இரு சாராரையும் விட உயர்ந்திருந்தது. வெறும் ஈரல் வியாதிதான் காரணம் என்றால் 'பி' உள்ளவர்களுக்கும் அப்படி இருக்க வேண்டும் அல்லவா? அதன் பிறகு நடந்த ஆராய்ச்சிகளில், இந்நோயாளிகளில் பலருக்குக் கவனம், சிந்திக்கும் வேகம், புதிதாகக் கேட்டதை மனத்தில் நிறுத்தும் சக்தி இவை சற்றே குறைவதாகக் கண்டார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. பெரும்பாலும் லேசாகத்தான்.

எப்படி நடக்கிறது? வைரஸின் அடையாளம் சிலருடைய மூளைத் திசுவிலேயே கிடைத்திருக்கிறது. அது தவிர, உடம்பு எந்நேரமும் எதிரியோடு சண்டை போடும்போது ரத்தத்தில் ஓயாமல் அபாய அறிவிப்புகள் ஓடுகின்றன. அவை மூளையின் காவலாளி அணுக்களையும் உசுப்பி விடுகின்றன. ஜுரம் வந்த நாளில் உங்களால் கணக்குப் போட முடிகிறதா? 'பேசாமல் படு' என்று மூளைக்கு உத்தரவு வந்து விடுகிறது அல்லவா? அந்த உத்தரவை மெதுவான குரலில், ஜுரமில்லாமல், முப்பது வருஷம் சொல்லிக் கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எய்ட்ஸ் வைரஸும் மூளைக்குள் புகுந்து புத்தியை மந்தப்படுத்துவது உண்டு. 2020-க்குப் பிறகு கோவிட் வந்து தேறிய பலரும் இதே மூட்டத்தைச் சொல்லுகிறார்கள். அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

மருந்து விஷயத்தில் என் ஜாதகம் நல்ல ஜாதகம். பத்து வருஷம் முன்னால் அகப்பட்டிருந்தால் இன்டர்ஃபெரான் ஊசிதான் கதி. ஆறு மாதமோ ஒரு வருஷமோ குத்திக் கொள்ள வேண்டும். அதனால் பலருக்கு மனச் சோர்வு வந்தது. புத்தி இன்னும் மங்கிற்று. அத்தனைக்கும் பிறகு பலருக்கு வைரஸ் போகவில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஸோஃபாஸ்புவிர் என்ற மாத்திரையை அனுமதித்தார்கள். அங்கே ஒரு மாத்திரை 1,000 டாலர்! பிறகு இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்று, அதில் ஒரு துளி விலைக்கு இங்கே செய்து விற்றன. தினம் ஒன்று வீதம் 12 வாரம். அதோடு டக்ளாட்டஸ்விர் என்று துணைக்கு ஒன்று. எத்தனை மாத்திரை என்று மருந்துக் கடையில் கேட்டார்கள். பன்னிரண்டேழு... விரல் விட்டு எண்ணித்தான் சொன்னேன்.

முடித்து மூன்று மாதம் ஆனதும் பரிசோதித்தார்கள். வைரஸ் இல்லை. இந்த மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் குணமடைகிறார்கள். முதலில் விலகியது அந்த மூன்று மணிப் பஞ்சு. ஒரு நாள் மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்து அப்பளம் இட்டு விட்டு, களைப்பே இல்லையே என்று ஆச்சரியப்பட்டேன். கணக்கு மெதுவாகத் திரும்பிற்று. இப்போது காய்கறிக் கடையில் நானே எண்ணிக் கொடுக்கிறேன். கொஞ்சம் நேரம் ஆகிறது. கடைக்காரரும் இப்போது மெஷின் வைத்திருக்கிறார். வைரஸ் போன பிறகு பலருக்குக் கவனமும் ஞாபகமும் தேறுகின்றன, சிலருக்குத் தேறுவதில்லை. என்னிடம் பாக்கி இருக்கும் மந்தத்தில் வயசின் பங்கு எவ்வளவு, அவன் விட்டுப் போன பங்கு எவ்வளவு என்பது எந்த வாய்ப்பாட்டிலும் வராத கணக்கு. விட்ட ஏழு வருஷ சர்வீஸும் திரும்பி வராது.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேரிடம் இவன் குடியிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி ஆரம்பித்த தேசியத் திட்டத்தின் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பழைய நாளில் ரத்தம் ஏற்றிக் கொண்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கக் கூடும். அத்தையோ, பெரியம்மாவோ, "எனக்கு மறதி ஜாஸ்தி" என்று சிரித்து மழுப்புகிறவர்களாகவும் இருக்கலாம். அவர்களை ஒரு தடவை அழைத்துப் போங்கள். என் நாத்தனாருக்கு 1987-ல் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிற்று. அவளுக்கும் ரத்தம் ஏற்றினார்கள். போன மாதம் நானே கூட்டிக் கொண்டு போனேன். ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்தது. "பின்னே நான் சாவியை எங்கே வைத்தேன் என்று தினம் தேடுகிறேனே, அது எதனால் அண்ணி?" என்று கேட்கிறாள்.