கோடிட்ட இடமும் ஒரு மதிப்பெண்ணும்



நேற்று பேரன் ஆங்கிலப் பயிற்சித் தாளோடு வந்து, "தாத்தா, கோடிட்ட இடத்துல எந்த வார்த்தை வரும்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். உங்களில் பலர் என்னிடம் கேட்ட அதே கேள்வி!

நம் செஞ்சிக் கோட்டையை வைத்தே சொன்னேன். மலையில் கோட்டை இருக்கிறது. கோட்டையில் கல்யாண மகால் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். தமிழில் மூன்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் மலைக்கு மேலே என்பதால் 'ஆன்', கோட்டைக்கு உள்ளே என்பதால் 'இன்', நிற்கும் இடம் என்பதால் 'அட்'. அதனால் மேலேயா, உள்ளேயா, இடமா என்று மனதில் பார்த்துவிட்டு எழுதச் சொன்னேன்.

சொல்லும்போதே, பல வருடங்களுக்கு முன் நான் செய்த தவறு ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வு. கேள்வித்தாள் நான் தயாரித்ததுதான். 'மை ஃபாதர் ஹேஸ் ____ டு பெங்களூர்.' பக்கத்தில் 'பீன்', 'கான்' என்று இரண்டு சொற்கள். போய்த் திரும்பியிருந்தால் 'பீன்'. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் 'கான்'. நான் வைத்திருந்த விடை 'பீன்'. ஒரு மாணவி 'கான்' என்று எழுதியிருந்தாள். யோசிக்காமல் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

தாள் கொடுத்த அன்று, எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். "சார், நீங்க நடத்தின மாதிரிதான் எழுதினேன். எங்கப்பா கட்டட வேலைக்குப் போனவரு இன்னும் வரல சார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 'இரண்டு முறை' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் 'பீன்' மட்டும்தான் வரும். அந்தத் துப்பு என் கேள்வியில் இல்லை. இரண்டு விடையும் சரி. மறுநாள் வகுப்பில், கேள்விதான் தப்பு என்று சொல்லி மதிப்பெண்ணைப் போட்டேன்.

நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். 'கான்', 'பீன்' வித்தியாசம் நமக்குச் சிறு வயதிலேயே தெரிந்ததுதான். அந்தப் பிள்ளைக்குப் பிறகுதான் அதை வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள் வராண்டாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், அப்பா வந்துட்டாரு. இப்போ பீன் சார்!"

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விடைக்குறிப்பில் இல்லாததை அடிப்பதற்கு முன், "ஏன்மா இப்படி எழுதின?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

போயிட்டு வரேன்.

உங்கள் பழைய இங்கிலீஷ் சார்,
அனந்தபுரம்