நாளைக்கும் வருகிறவருக்குச் சமைக்கும் கடை

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையில், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் வருகிறது பொம்மனஹள்ளி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மேற்கே மங்களூர்க் கடல் சுமார் 350 கிலோமீட்டர். கிழக்கே சென்னைக் கடலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். இரண்டு கடலுக்கும் நடுவில், எந்தக் கடலும் எட்டாத ஊர். ஆனாலும் மத்தியானம் ஒரு மணிக்கு அந்தச் சாலையோரம் நடந்து பாருங்கள். மீன் வறுக்கிற வாசனை கடைக்குக் கடை மாறிக்கொண்டே கூட வரும்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்கள் ஊரில் மீன் வாங்க அறிவு தேவையில்லை. அக்கரைப்பேட்டையில் படகு வந்து நிற்கும், கூடை கரையேறும், விற்கிற அம்மாளுக்கு நம் வீட்டுச் சமையல்கூடத் தெரிந்திருக்கும். பயணத்தில் இந்த வசதி கிடையாது. மீன் எங்கே பிடித்தது, எப்போது வந்தது, யார் கழுவினார்கள் என்று ஒன்றும் தெரியாமல் தட்டின் முன்னால் உட்காருகிறோம். வங்கித் தணிக்கை வேலையில் ஊர் ஊராகப் போய், லாட்ஜில் தங்கி, வெளியே சாப்பிட்டே காலம் கழித்தவன் நான். இப்போது பிள்ளை வீடு பொம்மனஹள்ளியில். வெளியூர் கிளம்பும் இளையவர்கள் நல்ல ஹோட்டல் எது என்று கேட்டால் நான் கடைப் பெயர் சொல்வதில்லை. நாளைக்கும் வரப்போகிறவருக்காகச் சமைக்கிற கடை எது என்று பார், அங்கே உட்கார் என்பேன். அவ்வளவுதான் என் அனுபவத்தின் சாரம்.

இதைப் புரிந்துகொள்ள பொம்மனஹள்ளியைவிட நல்ல இடம் இல்லை. 2010-இல் சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை திறந்தார்கள். ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஊரைக் கடந்து போகிறவர்கள் மேலே போகிறார்கள்; ஊரில் இருக்கிறவர்கள் கீழே இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடமும் வந்துவிட்டது. பொம்மனஹள்ளிக்கும் ஒரு நிலையம் உண்டு. கடந்து போகிறவர்களை நம்பி இங்கே சாப்பாட்டுக் கடை நடத்த முடியாது. கீழே உள்ள கடைகள் உள்ளூர்ப் பசிக்குச் சமைப்பவை.

யாருடைய பசி? 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு சேரும்வரை இது தனி நகராட்சி. சுற்றிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்புநிதியை எடுப்பதற்குப் புது விதி வந்தபோது, ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவுக்கு வந்து ஓசூர் சாலையை நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. தில்லியையே இறங்கிவர வைத்தவர்கள் வாழும் ஊர் இது. நேற்றைய குழம்பில் புளித்தண்ணீர் ஊற்றி இன்றைக்குப் பரிமாறினால் சும்மா விடுவார்களா? மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். மாசக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவர்கள் கையில் இருக்கிற அதிகாரம் அதுதான். பயணி செய்ய வேண்டியதெல்லாம் அவர்கள் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து உட்காருவது.

அப்படி உட்கார்ந்த பிறகு, அந்தக் கடை யாருடையது என்று பார்க்க வேண்டும். உடுப்பி, குந்தாப்புரா பக்கத்தவர் நடத்தும் கடையா? நீர் தோசை இருக்கும். பங்குடெ என்றால் நம் அயிலை, அதாவது கானாங்கெளுத்தி. பூதாய் என்றால் மத்தி. கானே என்றால் கிழங்கான். அஞ்சல் என்றால் வஞ்சிரம். அங்கே பங்குடெயும் கானேயும் கேளுங்கள். மலையாளிகள் கடை என்றால் குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. ஆந்திரக் கடையில் இறாலும் விராலும். வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் சாப்பிடுகிற சின்னக் கடைகளில் ரோகு, கட்லா. அவர்கள் ஆற்று மீனில் வளர்ந்தவர்கள். கடுகு அரைத்த குழம்பில் அந்த மீன் எப்படி வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கடையில் போய் வஞ்சிரம் வறுவல் கேட்டால் தருவார்கள். ஆனால் அது நமக்காக ஐஸில் காத்துக் கிடந்ததாக இருக்கும். சமைக்கிறவருடைய வீட்டில் என்ன மீன் வேகுமோ, அதை அவர் கடையில் கேட்பதே புத்தி.

வெளியூரில் நல்ல மீன் சாப்பிட வேண்டுமென்றால் விலை உயர்ந்ததைச் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. வஞ்சிரம் பெரிய மீன், பெரிய விலை. பத்துப் பேரில் ஒருவர் கேட்பார். மிச்சம் மறுநாளைக்கு இருக்கும். மத்தியும் அயிலையும் எல்லோரும் கேட்பவை. காலையில் வாங்கியது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் கடலில்லாத ஊரில் மலிவு மீன்தான் பெரும்பாலும் புது மீன். தணிக்கைக்காரன் பாஷையில் சொன்னால், இருப்பில் தேங்காத சரக்கு.

இதற்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அயிலை, மத்தி, சூரை இந்த வகை மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் அவற்றில் சேர்ந்துவிடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். முதல் வாயிலேயே நாக்கு நுனியில் மிளகு கடித்ததுபோலச் சுருக்கென்று இருந்தால், காரம் என்று நினைத்து விழுங்காதீர்கள். தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். கொடுத்த காசை நினைத்துச் சாப்பிடுகிற பழக்கம் என் வயதுக்காரர்களுக்கு அதிகம். அந்த இடத்தில் மட்டும் அதை விட்டுவிட வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்கிற கேள்வியும் முக்கியம். எது நல்லா இருக்கும் என்று கேட்டால் உலகத்தில் எல்லா ஹோட்டலிலும் ஒரே பதில்தான்: “எல்லாமே நல்லா இருக்கும் சார்.” நான் எது வேண்டாம் என்று கேட்பேன். பொம்மனஹள்ளியில் குந்தாப்புராக்காரர் கடை ஒன்றில் பரிமாறுகிற பையனிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன்: “இவத்து யாவுது பேடா, தம்பி?” அவன் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழிலேயே சொன்னான்: “அஞ்சல் வேண்டாம் சார், நேத்து வந்தது. பங்குடெ சாப்பிடுங்க, காலைலதான் மடிவாளா மார்க்கெட்டுல எடுத்தது.” கல்லாவில் இருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. திட்டவில்லை. “அவன் சொல்றது சரிதான் சார், நீங்க பங்குடெயே எடுத்துக்குங்க” என்றார். இதை வேண்டாம் என்று சொல்கிற கடை, நாம் மறுபடி வர வேண்டும் என்று நினைக்கிற கடை. இரண்டாவதாகக் கேட்கலாம்: “நீங்க இன்னைக்கு என்ன சாப்பிடப் போறீங்க?” வேலை செய்கிறவர்கள் அங்கேயே சாப்பிடுகிறார்கள் என்றால் பாதி பயம் போய்விடும்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு உட்பட கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கர்நாடகக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அதேபோல 61 நாள். மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கான ஓய்வு அது. பெங்களூருக்கு இரண்டு கரையிலிருந்தும் மீன் வருவதால், ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் கைகொடுக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டும் அடைபட்டிருக்கும். அந்த நாட்களில் பெரிய கடல் மீன் பளபளவென்று தட்டில் வந்தால் அது குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். முறையாக உறைய வைத்தது கெடுதல் இல்லை. ஆனால் புது மீன் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆந்திரத்துக் குளங்களிலிருந்து லாரியில் வருகிற கட்லாவும் ரோகுவும் அப்போது கடல் மீனைவிட நல்ல தேர்வு. கிடைக்காத காலத்தில் கிடைக்காது என்று ஏற்றுக்கொள்வதும் சாப்பாட்டு ஒழுக்கம்தான்.

மீனைக் கண்ணால் பார்க்க முடிகிற கடையானால் பாட்டி காலத்துச் சோதனைகள் போதும். கண் துருத்தித் தெளிவாக இருக்க வேண்டும், குழிந்து வெளுத்திருக்கக் கூடாது. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். இப்போது மூக்கையும் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கிறது. 2018-இல் வெளிமாநிலங்களிலிருந்து கேரளத்துக்கு வந்த மீனில் ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்திருப்பதைக் கண்டு டன் கணக்கில் பிடித்தார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கச் சோதனைத் தாளே தயாரித்தது. நம் கையில் தாள் இருக்காது. கடல் வாசனையே இல்லாமல், ஈயும் உட்காராமல், கட்டை மாதிரி விறைத்திருக்கிற மீனைக் கண்டால் சாம்பார் சாதம் சொல்லிவிடுங்கள். வறுவலில் செக்கச்சிவந்த மசாலா விரல் கனத்துக்கு அப்பியிருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். நல்ல மீனுக்கு அவ்வளவு போர்வை தேவையில்லை.

சமையலறையைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பெங்களூருக்கே அதில் பெரிய முன்னுதாரணம் உண்டு. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-இல் தொடங்கியது எம்.டி.ஆர். உணவகம். அந்தக் குடும்பத்து யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா போய், அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து தம் கடையை மாற்றினார். லால்பாக் சாலைக் கடையில் வாடிக்கையாளர்கள் சமையலறையைப் பார்த்தபடியே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழக்கம் இருந்தது. அது சைவக் கடை. ஆனால் மீன் கடைக்கும் அளவுகோல் அதுவே. எல்லாச் சின்னக் கடையும் உள்ளே விடாது. கை கழுவப் போகிற சாக்கில் ஒரு பார்வை போதும்: வெட்டுகிற பலகை ஈரம் காய்ந்திருக்கிறதா, எண்ணெய் கறுத்திருக்கிறதா, மீன் ஐஸுக்குள் இருக்கிறதா, வாளியில் மிதக்கிறதா.

கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்துப் போவதை நான் குறை சொல்லவில்லை. கடை திறந்திருக்கிறதா, வழி எது என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் நட்சத்திரம் போடுகிறவர்களில் பலர் ஒரு தரம் வந்து போனவர்கள். விளக்கு, நாற்காலி, பரிமாறியவரின் சிரிப்பு எல்லாம் அந்த ஐந்து நட்சத்திரத்தில் கலந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள் இங்கேதான் என்று எழுதியவர் ஒருவர் இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் பக்கத்து மருந்துக் கடைக்காரரைக் கேளுங்கள். எந்த ஊரிலும் வயிற்று உபத்திரவம் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும்.

கடையைச் சோதிக்கத் தெரிந்துகொண்டால் போதுமா? சாப்பிட வருகிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இனி இந்த ஊருக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தால் மனிதர் மாறிவிடுகிறார்கள். வீட்டுத் தெருவில் குரல் உயர்த்தாதவர் வெளியூர் ஹோட்டலில் பையனை ‘டேய்’ என்கிறார். பத்து வகை சொல்லி ஏழு வகையை மிச்சம் வைக்கிறார். உப்புக் குறைவு என்றால் அங்கே சொல்லாமல் வெளியே வந்து ஊரையே திட்டுகிறார். திரும்பி வராதவருக்கு மட்டமான மீனைப் போடுகிற கடைக்காரரும் இவரும் ஒரே கணக்குத்தான் போடுகிறார்கள்: நாளைக்கு இவன் முகத்தில் நான் விழிக்கப் போவதில்லை.

தணிக்கையில் நான் பார்த்த மோசடிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் பிறந்தவை. மாற்றல் உத்தரவு வந்துவிட்ட அதிகாரி, கடன் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போக நினைப்பவர், கடைசி மாதம் வேலை பார்ப்பவர். நாளை என்ற ஒன்று இல்லை என்று நினைத்த நிமிஷத்தில்தான் கை தவறுகிறது. நேர்மைக்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. நாளைக்கும் இதே வாசலுக்கு வரப்போகிறோம் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

ஆகவே வெளியூரில் சாப்பிட உட்காரும்போது, அந்தக் கடையின் அன்றாட வாடிக்கையாளர் எப்படி நடப்பாரோ அப்படி நடங்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். முடிந்த அளவு மட்டும் சொல்லுங்கள். மீன் நன்றாக இருந்தால் கல்லாவில் மட்டும் சொல்லாமல் சமைத்தவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். நன்றாக இல்லாவிட்டால் காசு கொடுக்கும்போது முகத்துக்கு நேரே, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். அடுத்து வந்து உட்காருகிற ஆளுக்கு அது உதவும். நமக்கு அறிமுகமே இல்லாத அந்த அடுத்த ஆளை மனதில் வைத்து நடக்கத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் நல்ல சாப்பாடு கிடைக்கும். சாப்பிடப் பழகிய புத்தி மற்ற எல்லா இடத்திலும் உதவும்.