ஒரு மிடறு வெறுந்தேநீர்

ஒரு காலத்தில் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் மருத்துவப் பக்கத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். நீரிழிவு, குருதி அமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம் என்று வாரத்துக்கு ஒன்றாகக் கட்டுரைகள் வரும். வைத்தியர்கள் எழுதித் தருவதைச் செப்பனிட்டு, ஒரு படத்தையும் தேடிப் போட்டு அனுப்பிவிடுவேன். ஏழு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பாரிசவாதம் பற்றி மட்டுமே பத்துக் கட்டுரைகளாவது வந்திருக்கும். கை கால் விளங்காமற் போவதைப் பற்றியும் வாய் கோணுவதைப் பற்றியும் அவற்றில் இருந்தன. விழுங்க முடியாமற் போவதைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

2017 ஆவணியில் என் மூத்த அண்ணருக்குப் பாரிசவாதம் வந்தது. என்னிலும் பதினான்கு வயது மூத்தவர். தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் அண்ணியுடன் வசித்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. வலது கையால் சிறு பலகையில் எழுதித் தமக்கு வேண்டியதைச் சொல்வார். மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் அதன் வழியேதான்.

விழுங்குவது எத்தனை சிக்கலான வேலை என்பதை அப்போதுதான் அறிந்தேன். முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கவேண்டும். மென்று, உருட்டி, நாக்கால் பின்னே தள்ளும்வரைதான் அது நம் விருப்பத்துக்குட்பட்டது. தொண்டையைத் தொட்ட பிறகு நம்மைக் கேளாமலே நடக்கும். குரல்வளை மேலே எழும்பும், மூச்சு ஒரு கணம் நிற்கும், மூச்சுக்குழாயின் வாயைச் சிறு மூடியொன்று மறைக்கும், உணவுக்குழாய் திறக்கும். எல்லாம் ஒரு விநாடிக்குள். பாரிசவாதத்தில் இந்த ஒழுங்கு அரை விநாடி தாமதித்தாலும் போதும், வாயிலிருப்பது நுரையீரலுக்குப் போய்விடும்.

நமக்கெல்லாம் புரையேறுதல் என்றால் யாரோ நினைக்கிறார்கள் என்று பொருள். தலையில் தட்டி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் விஷயம் முடிந்தது. விடுதிக்கு வந்த பேச்சுச் சிகிச்சையாளர் இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைத்தார். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, கேள்வி விஞ்ஞானம் படித்த சிங்களப் பெண்பிள்ளை. தமிழைக் கஷ்டப்பட்டு, ஆனால் விடாமல் பேசினார். விழுங்கற் கோளாறைப் பார்ப்பவரும் பேச்சுச் சிகிச்சையாளர்தான் என்பதே எனக்குப் புதுச் செய்தி. “ஐயாவுக்குச் சோறு பயமில்லை, தண்ணிதான் பயம்” என்றார். அண்ணி நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. தண்ணீரைவிட இலகுவாக இறங்குவது எது?

அவருடைய விளக்கம் எளிமையானது. தடிப்பான பண்டம் மெல்ல நகரும். தாமதித்துப் போன தொண்டைக்கு அது அவகாசம் கொடுக்கும். தண்ணீர் ஓடிவிடும். மூடி மூடுமுன்பே உள்ளே போய்விடும். இன்னொன்றும் சொன்னார்: நரம்பு பழுதுபட்டவர்களில் சிலருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராதாம். கட்டிலருகில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்றேயில் ஓடும் படமாகப் பார்க்கவேண்டும், அல்லது மூக்கு வழியே மெல்லிய கமெராவை விட்டுப் பார்க்கவேண்டும். முதல் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜெரி லோகெமன்; இரண்டாவதை 1988இல் சூசன் லாங்மோர் குழுவினர் எழுதி அறிமுகப்படுத்தினர். எங்களுக்கு எக்ஸ்றே பரிசோதனைக்கு ஒரு மாதத்துக்குப் பின் தவணை கிடைத்தது.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் நான் சொல்ல வந்த காரியம் நடந்தது.

குழாயுடனேயே அண்ணரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். செவ்விளநீர், கோயில் தீர்த்தம், ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் நிறைய ஆட்டுக்கால் சூப். வாயில் ஒரு சொட்டாவது விடாமல் போவதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை. நோயாளியின் வாயை நனைப்பதுதான் நம் சமூகத்தில் அன்பின் முதல் அடையாளம். உயிர் பிரியும் வேளையிலும் பால் விடுகிறோம். அண்ணி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மறித்தார். ‘ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்காத பெண்சாதி’ என்று ஒருவர் படிக்கட்டில் இறங்கும்போது சொன்னதும் அவர் காதில் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி கோயிலுக்குப் போனார். நான் மட்டும் இருந்தேன். அண்ணர் பலகையை எடுத்து ‘பிளேன் ரீ’ என்று எழுதினார். மாட்டேன் என்று தலையசைத்தேன். எழுதியதன் கீழே ஒரு கோடு இழுத்தார். நாற்பது வருடம் காலையும் மாலையும் வெறுந்தேநீர் குடித்த மனிதர். என்னைப் படிப்பித்தவரும் அவரே. நான் எழுந்து போய்த் தேயிலை போட்டு, சீனி கலந்து, ஆற்றி, தேக்கரண்டியால் கொடுத்தேன். ஏழு எட்டுக் கரண்டி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இருமவில்லை. ஒரு சிறு கனைப்புக்கூட இல்லை. வைத்தியர்கள் வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. திங்கட்கிழமை மூச்சு வாங்கியது. வலது நுரையீரலின் அடியில் நியூமோனியா. பதினொரு நாள் வைத்தியசாலையில், அதில் நான்கு நாள் ஒட்சிசனோடு. விடுதி வைத்தியர் கட்டிலைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, “வாயால் ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டார். அண்ணி இல்லை என்றார். வைத்தியர் அண்ணரைப் பார்த்தார். அண்ணர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். நான் வாய் திறக்கவில்லை.

அந்தத் தேநீர்தான் காரணம் என்று இன்றும் அடித்துச் சொல்ல முடியாது. குழாய் உள்ளவருக்கும் எச்சில் உள்ளே போகலாம், வயிற்றிலிருப்பது மேலெழுந்து வரலாம். பல் துலக்காத வாயிலுள்ள கிருமிகளும் நுரையீரலுக்கு இறங்கும். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வொன்று, வாயைத் தினமும் சுத்தம் செய்தால் நியூமோனியா குறைகிறது என்று 2002இல் காட்டியது. வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்குவதெதற்கு என்று நாங்களும் விட்டுத்தான் இருந்தோம். இந்த வாதங்களையெல்லாம் நான் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்தாயிற்று.

ஆறாவது வாரம், வயிற்றில் நேரடியாகக் குழாய் வைக்கலாம் என்று வைத்தியர்கள் கூறினர். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கோடெரர், பொன்ஸ்கி என்ற இருவர் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் செய்த முறை. வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. கமெராக் குழாயை உள்ளே விட்டு, வெளியே ஒரு சிறு துளை. உறவினர் கூட்டம் கூடி வேண்டாம் என்றது. ‘துளை போட்டால் பிறகு வாயால் சாப்பிடவே மாட்டார்’ என்றார்கள். எனக்கும் அதே பயம். அண்ணர் பலகையில் ‘போடுங்கோ’ என்று எழுதினார்.

அவர் கணக்குச் சரி. மூக்குக் குழாய் தொண்டையில் கயிறு கட்டியதுபோல் உறுத்தி, பயிற்சிக்கே இடைஞ்சலாக இருந்தது. வயிற்றுக் குழாய் வந்த பிறகு, உயிர் வாழ்வதற்கான உணவு அதன் வழியே போயிற்று. வாய் பழகுவதற்கென்று ஓய்வாகக் கிடைத்தது. தேவை தீர்ந்ததும் குழாயைக் கழற்றிவிடலாம், துளை தானாக மூடிவிடும். ஆனால் எல்லாருக்கும் இது விடையன்று. மறதிநோய் முற்றியவர்களுக்கு இக்குழாய் ஆயுளைக் கூட்டுவதுமில்லை, புரையேறுவதைத் தடுப்பதுமில்லை என்பதே முதியோர் மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு. அங்கே பொறுமையாகக் கையால் ஊட்டுவதுதான் சிகிச்சை.

பிறகு பயிற்சி. மல்லாந்து படுத்து, தோளை உயர்த்தாமல் தலையை மட்டும் தூக்கிக் கால் பெருவிரலைப் பார்க்கவேண்டும்; ஒரு நிமிடம் பிடித்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மூன்று தடவை. உணவுக்குழாயின் வாசலைத் திறக்கும் தசைகளுக்கான பயிற்சி அது. விழுங்கும்போது எழும்பும் குரல்வளையை இரண்டு விநாடி மேலேயே நிறுத்திப் பழகுவது இன்னொன்று. நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, முகத்தை விழுந்துபோன பக்கம் திருப்பி விழுங்கினால், உணவு நல்ல பக்கத்தால் இறங்கும். எது யாருக்கு என்பதைச் சிகிச்சையாளர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். ஒருவருக்கு நன்மையானது இன்னொருவருக்குக் கெடுதியாகலாம்.

சமையலறையில் அண்ணி ஒரு புதுப் பாடமே படித்தார். புட்டு கூடாது, உதிர்ந்து தொண்டையில் சிதறும். சொதி விட்ட இடியப்பமும் கூடாது, ஏனென்றால் திரவமும் திண்மமும் ஒரே வாயில் வந்தால் தொண்டை குழம்பிவிடும். நண்டும் பலாக்கொட்டையும் மிதக்கும் நம் ஒடியற்கூழ் இந்த வகையில் மிகப் பொல்லாதது. ஐஸ்கிறீமும் ஜெலியும் வாயில் உருகித் தண்ணீராகிவிடுவதால் ஏமாற்றுக்காரர்கள். எருமைத் தயிர், மசித்த பூசணிக்காய், பப்பாசி, பால் விட்டுக் கடைந்த சோறு ஆகியவை நல்லவை. பானத்தைத் தடிப்பாக்கும் மா வெளிநாட்டிலிருந்து வருவது, விலை நெருப்பு. சவ்வரிசிக் கஞ்சியை வடித்துப் பார்த்தோம். மாப்பொருளை எச்சில் கரைத்துவிடுவதால் அது நிமிடத்துக்கு நிமிடம் நீர்த்துப்போயிற்று.

தடிப்பை அளக்க ஒரு வழி உண்டு. 2013இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சியின் பயனாக, பானத்துக்கும் உணவுக்கும் 0 முதல் 7 வரை படிகள் வகுக்கப்பட்டுள்ளன. 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிஞ்சியதைப் பார்ப்பார்கள். 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் படி. அண்ணிக்கு அது வந்தது. சிரிஞ்சைப் பிடித்து அவர் எண்ணுவதைப் பார்க்க, தபாற்கந்தோரில் அண்ணர் தராசு பிடித்தது நினைவுக்கு வரும். தடிப்பாக்கிய பானத்திலும் ஒரு கெடுதி இருக்கிறது: வெறுத்துப்போய்க் குறைவாகக் குடிப்பார்கள், உடல் வரளும்.

விழுங்கற் கோளாறெல்லாம் பாரிசவாதத்தால் வருவதன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். முதலில் இறைச்சி, பாண் போன்றவை நெஞ்சில் சிக்கி, நாளடைவில் மென்மையானவையும் சிக்குமாயின் உணவுக்குழாய் ஒடுங்குகிறது என்று பொருள். புற்றுநோயாகவும் இருக்கலாம், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் கமெராப் பரிசோதனை செய்யவேண்டும். தழும்பால் வந்த ஒடுக்கம் என்றால் பலூனால் விரிப்பார்கள். திண்மமும் திரவமும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து சிக்கினால், கீழ்வாசல் தசை தளராத அகலேசியாவாக இருக்கக்கூடும். 1674இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சைக் கட்டி இதை விரித்தார். 2008இல் ஜப்பானின் இனோவே, வாய் வழியே போய் அந்தத் தசையை அறுக்கும் முறையை முதன்முதல் மனிதரில் செய்தார். வெற்றிலை புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து, கதிர்ச் சிகிச்சையில் தொண்டை இறுகிப்போனவர்கள் நம்மிடையே நிறைய. சிகிச்சை நடக்கும் காலத்திலேயே விழுங்கும் பயிற்சியைத் தொடங்கினால் அவர்களுக்குப் பயனுண்டு என்பது பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

அண்ணருக்கு வயிற்றுக் குழாய் ஏழு மாதம் இருந்தது. அதைக் கழற்றிய பின் நான்கு ஆண்டுகள் வாயால் சாப்பிட்டு, 2022இல் மாரடைப்பால் காலமானார். விழுங்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2018 பங்குனியில் இரண்டாவது எக்ஸ்றேப் படத்தைப் பார்த்துவிட்டு, நாடியைத் தாழ்த்தி, சிறு சிறு மிடறாக மெல்லிய பானமும் குடிக்கலாம் என்றார் அந்தப் பிள்ளை. அன்று பின்னேரம் வெள்ளவத்தை வீட்டில் எல்லாரும் இருந்தோம். தேநீர் போட அண்ணி எழுந்தார். அண்ணர் கையால் மறித்து, என்னைக் காட்டினார். நான் போட்டுக்கொண்டு வந்தேன். நாடியைத் தாழ்த்தி ஒரு மிடறு குடித்தார், பொறுத்தார், இன்னொரு மிடறு குடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுப் பலகையை எடுத்தார்.

‘இது நல்லம். அண்டைக்குச் சீனி கூட.’

“எண்டைக்கு?” என்று கேட்டார் அண்ணி. அண்ணர் பலகையை அழித்துவிட்டார்.

அண்ணி இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். அன்று அவர் கேட்டதற்கு நான் இன்றுதான் விடை எழுதுகிறேன்.