வொண்டில் ஆற்றங்கரையில் ஒரு பிற்பகல்

யாழ்ப்பாணத்தவர் இருவர் உலகின் எந்த மூலையில் சந்தித்துக்கொண்டாலும் முதலில் எழும் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். அடுத்தது "ஊரிலை எந்தப் பக்கம்?" மூன்றாவது "ஆற்றை மகன்?" இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் நான்காவது கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருப்பதில்லை.

இணையத்தில் பழக்கமான நண்பர் ஒருவரிடம் நான்கு ஆண்டுகளாக இவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை. பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரை ஒன்றின் படத்தின் கீழ், விளைமீனைப் பாரை என்று குறிப்பிட்டிருந்தேன். அதைத் திருத்தி இரண்டு வரி எழுதியிருந்தார். அதில் தொடங்கிய பழக்கம். பின்னர் இலக்கியம், அரசியல், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதிக்கொண்டோம். விலங்கியல் படித்தவர் போலும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாத இறுதியில், தங்கையின் மகளுடைய திருமணத்துக்காக லண்டன் சென்றிருந்தேன். வந்திருப்பதை அறிவித்ததும், "சனிக்கிழமை பின்னேரம் வாங்கோ அண்ணை, ட்ரவுட் பிடிக்கப் போவம்" என்று பதில் எழுதினார். இங்கிலாந்தில் 13 வயதுக்கு மேற்பட்ட எவரும் அனுமதிப்பத்திரமின்றி ஆற்றில் தூண்டில் போடக்கூடாது. என் பெயரில் ஒருநாள் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்.

சந்தித்த இடம் மிச்சம். லண்டனின் தெற்கிலுள்ள அந்த ஊரின் பெயரை எம்மவர் எழுதுவதும் உச்சரிப்பதும் அப்படித்தான். ரூட்டிங் தொடங்கி மிச்சம் வரை எம்மவரின் கடைகள் பல. ஒடியல் மாவும் முருங்கைக்காயும் வாங்கலாம். அக்கடைவீதிகளிலிருந்து சிறிது தூரத்தில் ஓர் ஆறு ஓடுகிறது என்பதை, அங்கு பல வருடங்களாக வாழும் என் தங்கையே அறிந்திருக்கவில்லை.

அந்த ஆற்றின் பெயர் வொண்டில். குறொய்டன், கார்ஷல்ற்றன் பகுதிகளில் சுண்ணக்கல் நிலத்திலிருந்து ஊற்றெடுத்து, சுமார் 14 கிலோமீற்றர் தூரம் ஓடி, வொண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியுடன் கலக்கிறது. ஒரு காலத்தில் ட்ரவுட் மீனுக்குப் பேர்பெற்ற ஆறு. கடற்படைத் தளபதி நெல்சன் 1801 இல் இதன் கரையில் வீடு வாங்கினார். வலது கையை இழந்திருந்த அவர் இடது கையால் இங்கு தூண்டில் போட்டார் என்பர். மிதக்கும் ஈயைக் கொண்டு ட்ரவுட் பிடிக்கும் முறையைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற பிரெடெரிக் ஹல்போர்ட் அதனைப் பயின்றதும் இந்த ஆற்றிலேயே. ஆனால் இதே ஆற்றின் விசையில்தான் மூக்குத்தூள் ஆலைகளும் துணி அச்சிடும் ஆலைகளும் இயங்கின. வில்லியம் மொறிஸ் தமது பட்டறையை 1881 இல் இதன் கரைக்கே கொண்டுவந்தார். ஆலைக் கழிவும் நகரத்தின் மலமும் சேர்ந்து ட்ரவுட்டை அழித்தன. 1960களில் வொண்டில் ஒரு சாக்கடையாகவே கணிக்கப்பட்டது.

நண்பர் பூங்கா வாசலில் நின்றார். நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் வயது. கையைப் பற்றிக்கொண்டு, "படத்திலை பார்த்ததைவிட மெலிஞ்சு போனியள் அண்ணை" என்றார். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். கண்ணாடிபோலத் தெளிவு. நீண்ட பச்சைப் பாசி, நீரோட்டத்தில் கூந்தல்போல அசைந்துகொண்டிருந்தது.

சிறிய பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். அரிசிமணியிலும் சற்றுப் பெரிய கொக்கிகள். ஒவ்வொன்றிலும் சேவலின் கழுத்திறகும் பட்டுநூலும் சுற்றி, பூச்சிபோல் ஆக்கியிருந்தார். இதைத்தான் ஈ என்கிறார்கள். நீருக்குள் வளர்ந்து, சிறகு முளைத்து மேலே வந்து, ஓரிரு நாளில் மடிந்துபோகும் பூச்சிகளின் போலி அது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இங்கே நிலைமை தலைகீழ். "ஈக்குப் பாரமில்லை அண்ணை. பாரமெல்லாம் நூலிலைதான். நீங்கள் நூலை எறியுங்கோ, ஈ தன்பாட்டிலை போகும்" என்றார். முதல் வீச்சில் என் ஈ பின்னாலிருந்த மரக்கிளையில் மாட்டியது. இரண்டாவது என் தொப்பியில். ஒரு மணித்தியாலம் முயன்றும் நூல் நீரில் கயிறுபோலவே விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சிக்கெடுத்துத் தந்தார்.

பின்னர் தாம் எறிந்தார். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே கீழ்ப்புறமாக நின்று மேல்நோக்கி எறிய வேண்டும். நூல் ஈயை இழுத்தால் மீன் ஏமாறாது. இலை மிதப்பதுபோல் ஈ மிதந்து வந்தது. சிறு வளையம் ஒன்று நீரில் தோன்றி மறைந்தது. கோல் வளைந்தது.

பொன்னிறமும் கபிலமும் கலந்த உடல். பக்கவாட்டில் செம்புள்ளிகள். ஒரு சாண் நீளமிருக்கும். கையை நனைத்துக்கொண்டே அதனைத் தொட்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் தொற்றுமாம். முள்ளற்ற கொக்கி இலகுவாகக் கழன்றது. மூச்சு வரும்வரை தலையை நீரோட்டத்தின் பக்கம் பிடித்திருந்து, கையை விரித்தார். அது போய்விட்டது.

"இதுக்கோ இவ்வளவு பாடு?" என்றேன்.

"அப்பா கண்டிருந்தால் இதைவிட ஏசியிருப்பார்" என்றார்.

அப்போதுதான் சொன்னார். அவருடைய ஊர் மயிலிட்டி. தகப்பனார் கடற்றொழிலாளி. சேவல் இறகைக் கொக்கியில் கட்டி, வள்ளத்தின் பின்னால் இழுத்துச் சென்று சூரை பிடிப்பாராம். இறகு கட்டுவது மகனின் வேலை. "இஞ்சை வந்து வெள்ளைக்காரர் கட்டுறதைப் பார்த்தன். எனக்கு ஆரும் காட்டித்தர வேண்டியிருக்கேல்லை."

1990 ஜூனில் ஊரே வெளியேறியது. வள்ளம் கரையில் நின்றது. தகப்பனார் மல்லாகத்தில் ஒரு முகாமில் இருந்து, கடலைப் பாராமலே 2011 இல் இறந்துபோனார். மயிலிட்டித் துறைமுகமும் அயலில் ஒரு பகுதி நிலமும் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டபோது அவர் இல்லை.

லண்டனுக்கு வந்தபின் பல வருடங்கள் நண்பர் தண்ணீரின் பக்கமே போகவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில், வகுப்பறைத் தொட்டியில் ட்ரவுட் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைப் பிள்ளைகளைக் கொண்டே வொண்டிலில் விடுவித்தார்கள். மகளுடன் கூடச் சென்றவர் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினார். ஆற்றைத் துப்புரவு செய்யும் தொண்டர்களுடன் சேர்ந்து, கடைத் தள்ளுவண்டிகளையும் ரயர்களையும் இழுத்து எடுத்தார். 2007 செப்டெம்பரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து துப்புரவு இரசாயனம் கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் மிதந்ததும், தொண்டர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதும் அவர் சொல்லிய கதை.

தேநீர்ப் போத்தலைத் திறந்து எனக்கு ஊற்றித் தந்துவிட்டு, "நாலு வருசமா நீங்கள் ஒருநாளும் ஊர் கேக்கேல்லை அண்ணை. அதாலைதான் உங்களோடை மனம்விட்டுக் கதைச்சனான்" என்றார்.

நான் தேநீரைக் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்காதது பெருந்தன்மையால் அல்ல. அவருடைய தமிழையும் வாசிப்பையும் கண்டு, "எங்கடை ஆள்தான்" என்று முடிவு கட்டியிருந்தேன். விடை தெரியும் என்று நினைத்தவன் கேள்வி கேட்பானா? விளைமீனையும் பாரையையும் பிரித்தறியப் பட்டம் வேண்டும் என்று எண்ணிய மூளை என்னுடையது.

என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் இருந்தார். பெட்டியைப் படலைக்கு வெளியே இறக்குவார். தண்ணீர் கேட்டால், ஏந்திய கைகளில் என் ஆச்சி உயர இருந்து ஊற்றுவார். அந்த மீனைத்தான் நாங்கள் உண்டு வளர்ந்தோம். பின்னாளில் பத்திரிகையாளனாக மயிலிட்டி மக்களின் இடப்பெயர்வைப் பற்றி எத்தனையோ தடவை எழுதினேன். முகாம்களுக்குப் போனேன், குறிப்பெடுத்தேன். அங்கு ஒரு வீட்டிலும் இருந்து தேநீர் குடித்ததாக நினைவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

வெயில் சாய்ந்தபின் கோலை மறுபடியும் என்னிடம் தந்தார். கடைசி வீச்சில் நூல் ஓரளவு நேராகச் சென்று, ஈ மெல்ல விழுந்தது. மீன் ஒன்றும் வரவில்லை. "இது சரி அண்ணை, இது சரி" என்று பின்னாலிருந்து அவருடைய குரல் மட்டும் கேட்டது.

ஊர் திரும்பிப் பல மாதங்களாகின்றன. வழமைபோல எழுதிக்கொள்கிறோம். அன்று சொல்லாமல் விட்டதை மட்டும் இன்னும் எழுதவில்லை. இதை அவர் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும்.