திருப்பதியில் பொன்னாடையும் கிரீசமும்



திருப்பதி வரை போய் மலையேறாமல் திரும்புகிறவனை நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் நிருபர் அந்தப் பழியோடுதான் இதை எழுதுகிறார். அவர் போனது பெருமாளுக்காக அல்ல, தெலுங்கு நாடகாசிரியர் குரஜாட அப்பாராவுக்காக. அவருடைய 'கன்யாசுல்கம்' நாடகத்தின் சில காட்சிகளை ஒரே நடிகர் மேடையில் உட்கார்ந்து வாசிக்கப்போவதாகச் சித்தூர் நண்பர் ஒருவர் தகவல் சொல்லியிருந்தார்.

வழியில் சித்தூரில் இறங்கியதும் பாதி ஊருக்கு வந்த மாதிரிதான். டீக்கடையில் தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. 1911-ல் தனி ஜில்லா ஆகும் வரை இந்த ஊர் வட ஆற்காட்டோடு இருந்தது. பேச்சு இன்னும் பாகம் பிரியவில்லை. 'மீரா' படத்தில் ராணாவாக வந்த நாகய்யாவுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது இங்கே ராம விலாச சபாவில் நடித்ததால். பிறந்தது குண்டூர்ப் பக்கம்.

திருப்பதி அரங்கில் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஆறரைக்குக் குத்துவிளக்கு. பிறகு ஆரம்பித்தது பொன்னாடை. தலைவருக்கு, முன்னாள் தலைவருக்கு, அரங்கு பிடித்துக் கொடுத்தவருக்கு, அவரை அழைத்து வந்தவருக்கு. ஒவ்வொரு போர்த்தலுக்கும் ஒரு போட்டோ. போட்டோ சரியாக விழாவிட்டால் மறுபடி போர்த்தல். நன்றி சொல்ல வந்தவர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். நம் ஊர் சபாக்களின் இந்த வியாதி எல்லை தாண்டினால் இருக்காது என்று நினைத்தது பிசகு. நடிகர் ஓரத்து நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அவர் தோளிலும் ஒன்று.

எட்டு மணி வாக்கில் அவர் வாயைத் திறந்தார். மேக்கப் இல்லை, திரை இல்லை, மேஜைமேல் ஒரு புத்தகம். கடன்காரர்களுக்குப் பயந்து ஊரை விட்டுக் கிளம்பும் கிரீசம், இங்கிலீஷை அள்ளித் தெளித்துப் பேசும் அந்த எத்தன், முதலில் வந்தான். அடுத்து பெண்பேரம். எல்லோரும் அரை மனதோடு சகித்த அதே பொன்னாடையை நடிகர் இழுத்துப் போர்த்தி, கிழவன் லுப்தாவதானியாகக் கூனிக்கொண்டார். கட்டைவிரல் நோட்டு எண்ணுவதுபோல ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தது. அரங்கு அதிர்ந்தது. கிழவனுக்குக் கட்டிவைக்கிற மணப்பெண், வேஷம் போட்ட ஒரு பையன். சிரிக்காமல் எப்படி இருக்க முடியும்?

ஆனால் நடிகர் அங்கே நிறுத்தி, 1897 பதிப்புக்கு அப்பாராவ் எழுதிய முன்னுரைக்குப் போனார். விஜயநகரம் மகாராஜா எடுக்கச் சொன்ன ஒரு கணக்கு அதில் இருக்கிறது: விசாகப்பட்டினம் ஜில்லாவில் மூன்று வருஷத்தில் பணம் வாங்கி நடந்த பிராமணக் கல்யாணங்கள் 1,034. அவற்றில் ஐந்து வயதுப் பெண்கள் 99 பேர், நாலு வயதில் 44, மூன்று வயதில் 36, இரண்டில் 6, ஒரு வயதுக் குழந்தைகள் 3. அந்தக் கைக்குழந்தைகளின் விலை 350 முதல் 400 ரூபாய். இதைப் படிக்கும்போது நடிகர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மளிகைக் கணக்குப்போலப் படித்தார். உடனே பேரக் காட்சியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வசனம் அதே வசனம்தான். இந்தத் தடவை சிரித்தவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

1955 படத்தில் கிரீசம் என்.டி.ஆர்., தாசி மதுரவாணி சாவித்திரி. இரண்டு பேரையும் திரையில் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, பயமாக இல்லை. மேடையில் ஜே.வி. ரமணமூர்த்தி பல வருஷம் கிரீசமாக வாழ்ந்தார். அவருடைய அண்ணன், நம் 'சங்கராபரணம்' சோமயாஜுலு, அதே நாடகத்தில் ராமப்ப பந்துலுவாக நடித்தார். அந்த வரிசைக்குப் பக்கத்தில் இந்த ஒற்றை நாற்காலியையும் வைக்கலாம் என்பது உங்கள் நிருபரின் கட்சி.

சென்னை சபா செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடவுளிடமே பத்திரிகைக்கு ஜீவிய சந்தா வாங்கிய புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை நம் கையில் இருக்கிறார். ஒரு நல்ல நடிகரை உட்காரவைத்து அந்தக் கதையை முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொன்னாடையை வாசிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.