பத்தாயிரத்துக்கு என்ன பெயர்?

மாமியின் வெளிவீடு வாழைச்சேனையில், பேப்பர் பக்டரி ரோட்டுக்குக் கிட்ட. இடமாற்றம் வருகிறது என்று ஒரு வாத்தியார் தம்பி வந்து பார்த்தார், பிடித்துப்போனது. "வேற ஆருக்கும் குடுத்திராதீங்க அக்கா" என்று 10,000 ரூபாயை வைத்துவிட்டுப் போனார். மாமி கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "பத்தாயிரம் கிடைத்தது" என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். எதற்கு, எத்தனை நாளைக்கு, வராவிட்டால் என்ன? ஒன்றும் இல்லை.

மூன்று கிழமை கழித்து இடமாற்றம் ரத்து. தம்பி காசைக் கேட்கிறார். மாமியோ அதில் தண்ணி மோட்டர் திருத்திவிட்டார். இடையில் கேட்டு வந்த ஒரு குடும்பத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தம்பிக்கு அது முற்பணம், வாடகையில் கழிவது. குடியே வராதபோது திருப்பித் தர வேண்டியது. மாமிக்கு அது அச்சாரம், சொல் மாறினால் போனது போனதுதான். கையில் மாறியது ஒரே நோட்டுகள்!

மாமி கோட்டுக்குப் போவேன் என்று நிற்கிறார். இந்தச் சின்னத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைதான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே சட்டத்தரணி பேச முடியாது; சபை தீர்ப்பும் சொல்லாது, இரண்டு பேரையும் இணங்க வைக்கத்தான் பார்க்கும்.

என் கணக்கு: வீடு சும்மா கிடந்த மூன்று கிழமைக்கு உரியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். மோட்டர் செலவு மாமியுடையது. இதைச் சொன்னதிலிருந்து எனக்குத் தேத்தண்ணி இல்லை.