ஆட்டத்தை எழுதியவர்கள்

அமெரிக்க நாட்டில் வசந்தம் வந்துவிட்டது என்பதை அறிவிக்கும் பொறுப்பு மரங்களுக்கு மட்டும் உரியதன்று. புத்தக வெளியீட்டாளர்களுக்கும் அதில் பங்குண்டு. மார்ச் மாதம் பிறந்ததும் அந்நாட்டுப் பொது நூலகங்களின் முகப்பு மேசைகளில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய நூல்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. மாத இறுதியில் ஆட்டப் பருவம் தொடங்கும். செப்டம்பர் முடியும் வரையில் முப்பது அணிகளும் ஏறக்குறைய நாள்தோறும் ஆடும். ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். அதற்கு முந்திய சில வாரங்களில், ஆட்டத்தைப் பார்க்க இயலாத குறையை மக்கள் படித்துத் தீர்த்துக்கொள்கின்றனர் போலும்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியிருக்கும் நம் மகளின் இல்லத்தில் சில வசந்தங்களைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆட்டத்தின் விதிகளை நமக்குப் போதித்த ஆசிரியர், வயது பதினொன்றே ஆன பேரப்பிள்ளை. "அஞ்சு நாள் ஆடியும் யாரும் ஜெயிக்காம எழுந்து போறதெல்லாம் இதுல கெடையாது, நன்னா!" என்று கிரிக்கெட்டின்மேல் ஒரு குத்தலோடு அவன் பாடத்தைத் தொடங்கினான். நாம் மைதானத்துக்குச் சென்றது ஒரே ஒரு முறைதான். நூல்களையோ மேசை மேசையாகப் படித்தோம். இவ்விளையாட்டு நம்மைக் கவர்ந்ததைவிட, இதை எழுதியவர்கள் நம்மைக் கவர்ந்தது மிகுதி என்று சொல்வதே நேர்மை.

பருவத் தொடக்கத்தில் நாளிதழ்கள் எழுதுபவை பெரும்பாலும் ஆரூடங்கள். எவ்வணி வெல்லும், எவர் சோபிப்பார் என்று பக்கம் பக்கமாக வரும். அக்டோபரில் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பவர் எவரும் இலர்; எழுதியவருக்கும் அது நலமே. நாம் சொல்ல வந்தது அவற்றைப் பற்றியன்று. நடந்ததை நடந்தவாறு எழுதி வைத்தவர்களைப் பற்றியே சொல்ல வந்தோம்.

அவர்களில் மூத்தவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர். அங்கே நாளிதழ்களுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிவந்த அவர், 1856-இல் ஹோபோக்கன் நகரத்துப் பசும்புல் வெளியில் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக் கண்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். ஓர் ஆட்டம் முழுவதையும் உள்ளங்கை அகலத்தில் அடக்கிவிடும் 'பாக்ஸ் ஸ்கோர்' என்னும் கணக்கு அட்டவணையைச் செப்பனிட்டு நிலைநிறுத்தியவர் அவரே. நம்மவர் நன்கறிந்த கிரிக்கெட் கணக்கேடே அதற்கு மூத்த உறவு. மட்டையாளர் மூன்று முறை தவறி வெளியேறினால் கணக்கில் இன்றும் 'கே' என்னும் எழுத்தையே இடுகின்றனர். 'ஸ்ட்ரக்' என்னும் சொல்லின் இறுதி எழுத்து அது. சாட்விக் இட்ட குறி. ஆடியவர் பெயர், எடுத்த ஓட்டம், செய்த பிழை ஆகியவை மட்டுமே கொண்ட அந்த வறண்ட அட்டவணைக்கு எத்தகைய மதிப்பு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அட்டவணைக்கு அடங்காததை எழுத மற்றொரு கூட்டம் தோன்றியது. நியூயார்க்கர் இதழில் சிறுகதைகளைத் தேர்ந்து செப்பனிடும் பணியிலிருந்த ரோஜர் ஏஞ்சல், 1962-இல் புளோரிடாவில் நடக்கும் பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களைக் காண அனுப்பப்பட்டார். பத்திரிகையாளர் மாடத்தை நாடாமல், முதியவர்களும் குடும்பத்தினரும் அமர்ந்திருந்த வரிசைகளில் தாமும் அமர்ந்து எழுதினார். 2022-இல் தமது 101-ஆம் வயதில் மறையும் வரை அவர் ஆட்டத்தின் அன்பராகவே இருந்தார். ஜிம் பௌட்டன் என்னும் பந்து வீச்சாளர் 1970-இல் வெளியிட்ட நூலோ, ஆட்டக்காரர்களின் அறைக்குள் நடப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிட்டது. உண்மை நிறைந்த நூல்தான்; ஆயினும் வீட்டுக் கூடத்தில் வைத்து வாய்விட்டுப் படிக்கத் தக்கதன்று.

இவ்விதழின் வாசகர்கள் விரும்பத்தக்க நூல் ஒன்று உண்டு. சாண்டி கோபாக்ஸ் என்னும் யூத மதத்துப் பந்து வீச்சாளரைப் பற்றி ஜேன் லீவி 2002-இல் எழுதியது அது. 1965-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில் முதல் ஆட்டம் அக்டோபர் 6 அன்று அமைந்தது. அன்று யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாள். நாட்டிலேயே சிறந்த வீச்சாளராக விளங்கிய கோபாக்ஸ், அன்று ஆட இயலாது என்று ஒதுங்கிக்கொண்டார். அவரது அணி தோற்றது. பின்னர் அதே தொடரின் ஏழாவது, முடிவான ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் பந்து வீசி, எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்க விடாமல் வென்று கொடுத்தார். நோன்பின் கனத்தை அறிந்த இல்லங்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

நம் உள்ளத்தில் ஆழமாகத் தங்கிய நூல் லாரன்ஸ் ரிட்டர் என்பவருடையது. பொருளியல் பேராசிரியரான அவர், 1961-இல் தந்தையார் காலமான பின்னர், தந்தை தம்மிடம் பேசி மகிழ்ந்த பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் புறப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடி, உலகம் மறந்துபோன முதியவர்கள் அவர்கள். கையில் ஒலிப்பதிவுக் கருவி. பயணமோ ஏறத்தாழ 75,000 மைல். சாம் கிராஃபோர்ட் என்னும் முதுபெரும் வீரரைக் கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் நாட்கணக்கில் தேடிக் காணாமல், அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு துணி வெளுக்கும் நிலையத்துக்குப் போனாராம் ரிட்டர். அங்கே பொறியில் துணி சுழல்வதைப் பார்த்தபடி அமர்ந்திருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தால், அவரே கிராஃபோர்ட்! 1966-இல் நூல் வெளிவந்தபின், அதில் கிடைத்த வருவாயை அம்முதியவர்களோடு பங்கிட்டுக்கொண்டார் பேராசிரியர். எழுதுகிறவர்கள் எவரிடமிருந்து வாங்கி எழுதுகிறார்களோ அவருக்குப் பங்கு கொடுப்பது நம் நாட்டிலும் அரிதாகக் கேள்விப்படும் செய்தி.

அந்நூலைப் படித்து முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அதிலே பேசும் முதியவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் அல்லர். ரிட்டரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் தேடியது பெருங்கழகங்களில் ஆடியவர்களை. அக்கழகங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1947 வரையில் கறுப்பினத்தவருக்குக் கதவை அடைத்திருந்தன. அவர்கள் தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்து ஆடினர்.

ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் எவரிடமிருந்து கேட்டார் என்று முதலில் வினவும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். எனவே அடுத்த வசந்தத்தில் நூலகத்துக் கணினியின் முன் அமர்ந்து, 1947 ஏப்ரல் மாதத்துப் பழைய நாளிதழ்ப் பக்கங்களைத் தேடினோம். அவ்வாண்டு ஏப்ரல் 15, புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் பருவத்தின் முதல் நாள். ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியின் முதல் தளத்தில் வந்து நின்றார். கூட்டம் 26,623 பேர். அதில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள் என்று கணக்கிடுவர். அன்று அவர் மட்டையால் அடித்துத் தளம் சேரவில்லை. ஏழாவது சுற்றில் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓட, எதிரணியார் எறிந்த பந்து தவறியது. அதனால் முன்னேறி, பின்னர் பீட் ரைசரின் அடியால் ஓட்டம் சேர்த்தார். புரூக்ளின் அணி பாஸ்டனை 5-க்கு 3 என வென்றது.

மறுநாள் நியூயார்க் டைம்ஸின் விளையாட்டுப் பத்தியாளர் தமது பத்தியை ராபின்சனைக் கொண்டு தொடங்கவில்லை. இடையிலே குறிப்பிட்டு, அவரது அறிமுகத்தில் விசேடம் ஏதுமில்லை என்னும் பொருள்படக் கடந்து சென்றார். அணியின் மேலாளர் டியூரோஷர் அவ்வாண்டு முழுமைக்கும் விலக்கி வைக்கப்பட்ட விவகாரமே பலருக்கும் பெருஞ்செய்தி. பொய் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டோம். எழுதிய ஒவ்வொரு வரியும் மெய்யே. மாடத்தின் முன்வரிசையில் அமர்ந்திருந்தும், மைதானத்துக்கு மக்கள் எதைக் காண வந்தனர் என்பது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

அதைக் கண்டவர் வெண்டல் ஸ்மித். 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்னும் கறுப்பின வார இதழின் எழுத்தாளர். இளமையில் தாமே தேர்ந்த பந்து வீச்சாளர். டெட்ராயிட் நகரில் ஓர் ஆட்டத்தை வென்று கொடுத்தபின், வீரர்களைத் தேர்வு செய்ய வந்தவர் தோற்ற அணியின் வீச்சாளரை ஒப்பந்தம் செய்துகொண்டு, உன்னையும் எடுக்கத்தான் ஆசை, இயலாதே என்று இவரிடம் வருந்தினாராம். அன்றே, எழுத்தின் வழியாக இக்கதவைத் திறப்பது எனத் துணிந்ததாக ஸ்மித் பின்னாளில் கூறினார். புரூக்ளின் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் ராபின்சனின் பெயரை எடுத்துரைத்தவர்களில் அவர் முதன்மையானவர். விடுதிகள் இடம் மறுத்த ஊர்களில் ராபின்சனோடு சேர்ந்து தங்கி, உடன் பயணம் செய்தார். அத்தகையவருக்குப் பத்திரிகையாளர் மாடத்தில் இடமில்லை! பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் நாளிதழ்காரர்களுக்கு மட்டும் உரியது என்பது சொல்லப்பட்ட காரணம். கறுப்பின இதழ்களோ பெரும்பாலும் வார இதழ்கள். காரணத்தின் நேர்த்தியைப் பாருங்கள்: நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1948-இல் சிகாகோ நாளிதழ் ஒன்றில் சேர்ந்த பின்னரே அவர் உறுப்பினரானார்.

அதே காலத்தில் எழுதிய சாம் லேசியைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி சொல்வர். நியூ ஆர்லியன்ஸ் மைதானத்தில் மாடத்துக்குள் விட மறுத்ததும், அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி அமர்ந்துவிட்டார். சற்று நேரத்தில் நியூயார்க்கின் வெள்ளைக்கார எழுத்தாளர்கள் சிலர் தம் நாற்காலிகளோடு ஏறி வந்து, வெயில் காய வந்தோம் என்று சொல்லி அருகில் அமர்ந்தனராம். மன்னிப்பும் கேட்காமல் உபதேசமும் செய்யாமல் நட்பை இப்படிக் காட்டத் தெரிந்தவர்கள் எழுத்திலும் நல்லவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

ராபின்சனின் அணியினர் ஆட்டத்தை விட்டு நீங்கிய பின் என்னவாயினர் என்பதை, 1952, 53 ஆண்டுகளில் அவர்களோடு அலைந்து செய்தி எழுதிய ரோஜர் கான் 1972-இல் நூலாக்கினார். கார்ல் ஃபுரில்லோ உலக வர்த்தக மையக் கட்டடத்தில் மின்தூக்கி பொருத்தும் வேலையில் இருந்தார். ராய் காம்பனெல்லா விபத்துக்குப்பின் சக்கர நாற்காலியில். அதே ஆண்டு அக்டோபரில் ராபின்சன் மறைந்தார். அவருக்கு இரங்கற் கட்டுரை எழுதிய வெண்டல் ஸ்மித் அடுத்த மாதமே கண் மூடினார். சங்கம் தனது உயரிய விருதை 1993-ஆம் ஆண்டுக்கென அவர் பெயருக்கு வழங்கியது. அவ்விருது அப்போது தாங்கியிருந்த பெயர், இனக்கலப்பை எதிர்த்து வந்த ஓர் இதழதிபருடையது. அப்பெயரை 2021-இல்தான் நீக்கினர்.

இனி சாட்விக்கின் அட்டவணைக்கு வருவோம். தனிக் கழகங்களில் ஆடியவர்களின் திறம் பல்லாண்டுகள் வாய்மொழிக் கதையாகவே நின்றது. கதைக்குக் கணக்கு இல்லை; கணக்கில்லாததால் மதிப்பும் இல்லை என்றனர். 1970-இல் ராபர்ட் பீட்டர்சன் என்பவர் பழைய இதழ்களைத் துருவி ஆராய்ந்து, அக்கழகங்களின் வரலாற்றை நூலாக்கினார். அவரைத் தொடர்ந்து எத்தனையோ ஆர்வலர்கள், ஊதியம் கருதாமல், மங்கிய நுண்படச் சுருள்களில் ஒவ்வோர் அட்டவணையாகத் தேடி எடுத்துக் கூட்டினர். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகள் பெருங்கழகங்களே எனப் பேஸ்பால் தலைமை ஒப்புக்கொண்டது. 2024 மே மாத இறுதியில் அவ்வெண்கள் பொதுக் கணக்கில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் சராசரியில் ஆயிரத்துக்கு 367 என நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காபுக்கு மேலே, 372 என ஜாஷ் கிப்சனின் பெயர் ஏறியது. கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று, முப்பத்தைந்தாம் வயதில் இறந்தவர்; ராபின்சன் எபெட்ஸ் மைதானத்தில் கால் வைத்தது அதற்குப் பின் மூன்று மாதம் கழித்து.

இந்த எண்ணுக்குச் சாட்சி, மாடத்தில் இடம் கிடைக்காதவர்கள் தம் வார இதழ்களில் அச்சிட்டு வைத்த உள்ளங்கை அகல அட்டவணைகளும், உள்ளூர் நாளிதழ்களின் மூலையில் கிடந்த சில வரிகளும். எண்களைச் சேர்த்தபோது, கணக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிட்டியிருப்பதாக ஆய்வாளர்கள் கூறினர். எஞ்சிய கால் பங்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.